நெய்க்குக் குறைந்த மார்க்

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெரோம் வணக்கத்துடன் எழுதுவது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? கடல் கடந்து வந்த இந்தக் கிள்ளான் ஊரில் நான் சுகமாக இருக்கிறேன். ஞாயிறு பூசைக்குப் போகிறேன்.

பியர் கம்பெனியில் என்னை ருசி பார்க்கும் நடுவர் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் வகுப்பு. பயப்படாதீர்கள், ஒரு மிடறு ருசி பார்த்து மார்க் போடுவதோடு சரி.

போன வாரம் ஒரு கிளாஸை முகர்ந்ததும், நீங்கள் வெண்ணெய் உருக்கி முருங்கைக்கீரை போடும்போது வருமே, அந்த வாசனை வந்தது. முழு மார்க் போட்டேன். பாடம் நடத்தும் ஜானிஸ் சிரித்துவிட்டு, இந்த ஊர் வழக்கப்படி ஒரு 'லா' சேர்த்துச் சொன்னார்.

"அண்ணே, பியர்ல நெய் வாசம் வந்தா அது கோளாறு லா. மார்க்கைக் குறைங்க."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த ஒரு வாசனையையே திரும்பத் திரும்ப முகரச் சொன்னார். இப்போது அதைக் கண்டுபிடிக்கத் தவறுவதில்லை.

நேற்று நீங்கள் கொடுத்தனுப்பிய நெய்யைச் சோற்றில் ஊற்றினேன். கோளாறு என்றுதான் முதலில் தோன்றியது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தேன்.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். நெய் மட்டும் வேண்டாம்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது.

ஜெரோம்