என்னைப் பற்றி சார் சொல்வதாக

12.6.2006, திங்கள்
காலையிலேயே அனல். கரண்ட் இல்லை.
ஊறவைத்த துணி அலச வேண்டும். பிரவுசிங் சென்டர். பரிந்துரைக் கடிதம், வெள்ளிக்குள்!
ஜெர்மனியில் இரண்டு வருட வேலை, முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு. சூளையில் பீங்கான் ஆறும்போது எங்கே விரிசல் விடும் என்று கணினியில் கணக்கிடுவது. ஐந்து வருடமாக நான் செய்ததே. அந்த ஆய்வகத்தின் படத்தை இன்றும் திறந்து பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு காலி நாற்காலி.
ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த சாரிடம் கடிதம் கேட்கவே நான்கு நாள் ஆயிற்று. கேட்டதும் சொன்னார்: "நீயே எழுதி எடுத்துட்டு வாம்மா. கையெழுத்து போட்டுடறேன்."
என்னைப் பற்றி நானே. சார் சொல்வது போல.

13, செவ்வாய்
ஒரு வரிகூட வரவில்லை. அம்மா, கீரை ஆய்ந்தபடி: "இதுக்கா இம்மா நேரம்? போன மாசம் பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட நான் சொன்னத எழுதுடி. அடக்கமான பொண்ணு, எதுத்துப் பேசாது, சொன்ன வேலய செய்யும்."
சிரித்தேன். எழுதி முடித்துப் படித்தால் அதுவேதான். இங்கிலீஷில்.

14, புதன்
பஸ்ஸில் பல்கலைக்கழகம். வழியெல்லாம் நின்றபடி.
சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா, ஸ்கூல்ல குடுக்குற நன்னடத்தை சர்டிபிகேட்டு மாதிரி இருக்குது? நீ என்ன கண்டுபிடிச்ச, அத எழுது."
"சரிங்க சார்." வேறென்ன வரும் என் வாயில்.

15, வியாழன்
கண்டுபிடித்தது ஒன்று உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. சார் எழுதிய பழைய புரோகிராமில் சூளைச் சுவரின் சூடு விட்டுப்போயிருந்தது. அப்பாவுக்குச் சூளையில் வேலை. சாப்பாடு கொண்டுபோகையில் அந்தச் சுவரில் கை வைத்திருக்கிறேன். நெருப்பை நிறுத்தி மூன்றாம் நாளும் சுடும். ஆராய்ச்சியின் இரண்டாம் வருடம் அதைக் கணக்கில் சேர்த்தேன். விரிசல் விழும் இடம் சரியாக வந்தது. "கணக்கு வந்துடுச்சு சார்" என்றேன். அவ்வளவுதான்.
இதை எழுதினால் சார் தன் தவறுக்குத் தானே கையெழுத்துப் போட வேண்டும். எழுதாவிட்டால் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.
எழுதிவிட்டேன். 'என் கணக்கில் இருந்த பிழையை இவர் கண்டுபிடித்தார்.'

16, வெள்ளி
சாரின் விரல் அந்த வரியில் நின்றது. "இது எப்பம்மா?"
"ரெண்டாவது வருஷம் சார்."
"ஏன் சொல்லல?"
தலையைக் குனிந்துகொண்டேன்.
"ஃபைல ஃப்ளாப்பியில குடுத்துட்டுப் போ. நானே அனுப்பிக்கறேன்."
அந்த வரியை எடுத்திருப்பார். பஸ்ஸில் ஊர் வரும்வரை அதே நினைப்பு. அந்த நாற்காலியில் வேறு யாரோ.

28, புதன்
துவரம்பருப்பு, சோப்பு. மழை வரும்போல் இருந்து வரவில்லை.
ஜெர்மனியிலிருந்து மெயில்! பேராசிரியரின் பிழையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள், போனில் சொல்ல முடியுமா. வெள்ளி மதியம். நம்பர் அனுப்பவும்.
சார் அந்த வரியை எடுக்கவில்லை.
எங்கள் வீட்டில் போன் இல்லை, எதிர் வீட்டு ஸ்டெல்லா அக்கா நம்பரைக் கொடுத்தேன். அக்கா: "எவ்ளோ நேரம் வேணா பேசு. ஆனா வாயத் தொறந்து பேசு, தாயி."
சுவரில் கை வைத்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இங்கிலீஷில் மூன்று முறை சொல்லிப் பார்த்தாயிற்று. அடுப்படியிலிருந்து அம்மா: "யாருகிட்டடி பேசுற?"