ஏரிப் பக்கம் திரும்பும் கடைகள்

பக்கத்துப் பக்கத்துக் கடையில் இத்தனை வருஷம் இருந்தும் ஒரு விஷயத்திலும் என்னோடு ஒத்துப்போகாத என் ஞானராஜ் அண்ணாவுக்கு,

தம்பி பஷீர் எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு வந்த முதல் ஆடி இது. மழை விடவே இல்லை. உங்கள் ஸ்வெட்டர் கடையை இப்போது உங்கள் வீட்டுக்காரம்மா ஸ்டெல்லா அக்காதான் திறக்கிறார்கள். வியாபாரத்தில் உங்களைவிடக் கெட்டி. விலை கட்டவில்லை என்று ஒருவர் நகர்ந்தால் நீங்கள் பின்னாலேயே போய்க் கூப்பிடுவீர்கள். அக்கா ஸ்வெட்டரை மடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். போனவர் தானாகத் திரும்பி வருகிறார்.

சேதி என்னவென்றால், ஏரிக்கரையை மாற்றப் போகிறார்கள். படகுத்துறை, டிக்கெட் கேட், நம் கடை வரிசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நம் கடைகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே. முகம் டூரிஸ்ட் பஸ் நிற்கும் இடத்தைப் பார்க்கும், முதுகு ஏரியைப் பார்க்கும். பின்னால் தகர வேலி, உடைந்த அட்டைப்பெட்டி, சாக்கடை. அவ்வளவு அழகான தண்ணீருக்கு நாம் காட்டியதெல்லாம் அதைத்தான்.

சங்கக் கூட்டம் போட்டால் நீங்கள் எழுந்து அதே பேச்சைப் பேசுவீர்கள். "ஏரி ஊருக்குச் சொந்தமுங்க. ஊர்க்காரன் எதுக்குங்க டிக்கெட் எடுக்கணும்?"

"தண்ணியப் பாத்தா வயிறு நெறயுமாங்கண்ணா?" என்பேன் நான்.

"உனக்கு நெறயாது பஷீரு. உனக்கு வயிறு கல்லாப்பொட்டிக்குள்ள இருக்குது."

எல்லாரும் சிரிப்பார்கள். டீ வரும். கூட்டம் கலையும். உங்கள் பேச்சை யாரும் எதிர்க்கவில்லை, எடுத்துக்கொள்ளவும் இல்லை. ஊட்டிக்காரன் ஏரிக்குப் போனால், "யாருங்க வந்திருக்காங்க?" என்று கேட்கிற ஊர் இது. கோயமுத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் அவர்களைக் கூட்டிக்கொண்டு போவோம். மற்றபடி நமக்கு அங்கே என்ன வேலை? உங்களுக்கு மட்டும் அது ஏன் உறுத்தியது என்று நான் கேட்டதே இல்லை.

சீசன் முடிந்ததும் அளவெடுப்பதற்காகத் தகர வேலியைக் கழற்றினார்கள். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது, வேலை நின்றுபோனது. வேலி இல்லாத கரை அப்படியே திறந்து கிடந்தது.

முதலில் வந்தது பெரியாஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. வேலை முடிந்து குடையோடு வந்து, ஒரு கல்லின் மேல் பாலிதீன் பையை விரித்து உட்கார்ந்தாள். மறுநாள் இன்னொருத்தியைக் கூட்டி வந்தாள். பிறகு மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள். அருவங்காட்டிலிருந்து மகள் வீட்டோடு குடிவந்துவிட்ட ரிடையர் ஆன தம்பதி ஒன்று. ஒருவரோடும் விருந்தாளி இல்லை அண்ணா. சும்மா வந்தார்கள்.

ஆடி மழையில் நான் நாலு மணிக்கே டீக்கடை ஷட்டரை இழுத்துவிடுகிற ஆள். டீ கேட்டு அவர்கள் சேற்றில் கடையைச் சுற்றி முன்பக்கம் வந்தார்கள். சேறு மிதித்து டீக்கு வருகிறவனை விடலாமா? பின்பக்கச் சரக்கு அறை சன்னலைத் திறந்து, அதன் வழியாகவே டீயும் சூடான வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தேன். இருட்டுகிற வரை கை ஓயவில்லை. மே மாதத்துக் கூட்டம் ஒருமுறை வந்து போய்விடும், முகம்கூட ஞாபகம் இருக்காது. இவர்கள் மறுநாளும் வந்தார்கள். நர்ஸுக்குச் சர்க்கரை கம்மி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வருஷம் முழுக்க வரக்கூடியவர்கள் இவர்கள்தான் என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது.

நகராட்சியில் கூப்பிட்டு இரண்டு வரைபடம் காட்டினார்கள். ஒன்றில் கடைகள் தண்ணீர் ஓரத்தில், கரை முழுக்க வேலி, டிக்கெட் எடுத்தவர்களுக்கு மட்டும் வழி. இன்னொன்றில் தண்ணீர் ஓரமாக எல்லாரும் நடக்க ஒரு பாதை. கடைகள் ரோட்டோரம் தள்ளிப் போய், ஏரியைப் பார்த்துத் திரும்பி நிற்கும். யாருக்கு எந்தக் கடை என்பது குலுக்கலில். அதாவது, பஸ்ஸிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுகிற என் கார்னர் கடை எனக்கு இல்லை.

"பாய் பேசட்டுமுங்க," என்றார் நம் சங்கச் செயலாளர் முருகேசன். கார்னருக்காக நான் கத்துவேன் என்று அவருக்கு நம்பிக்கை.

"ரெண்டாவது பிளானுங்க," என்றேன்.

சால்வைக் கடை ரவி, "ஞானராஜண்ணன் ஆவி பாய்க்குள்ள பூந்துக்கிச்சுங்க," என்றான்.

"அவரு ஆவி பூந்திருந்தா நேத்து பாதிச் சரக்கச் சும்மால்ல குடுத்திருப்பேன்? சீசன் ரெண்டு மாசமுங்க. மித்த மாசமெல்லாம் நமக்குச் சோறு போடறது யாரு?"

"உள்ளூர்க்காரன் ஒரு டீயக் குடிச்சுப்போட்டு ஒரு மணி நேரம் உக்காருவானுங்க பாய்," என்றார் முருகேசன்.

"உக்காரட்டுமுங்க. ஆள் உக்காந்திருக்கற கடைக்குத்தான் ஆள் வருவான்."

"அப்ப உங்க கார்னர விட்டுத் தர்றீங்களா?"

உங்களுக்குத் தெரியும், அது கடையாவதற்கு முன்னால் அதே இடத்தில் கரி அடுப்பு வைத்துச் சோளம் சுட்டவன் நான். கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்ற இடம் அது. என் பிள்ளைகள் படித்ததும் கல்யாணம் ஆனதும் அந்த மூலையை வைத்துத்தான்.

"தர்றேனுங்க," என்றேன். "கடைசிக் கடை விழுந்தாலும் சரி."

வீட்டில் வந்து சொன்னதும் என் சம்சாரம் அடுப்படியிலிருந்து வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏனுங்க, காய்ச்சலுங்களா?" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன் அண்ணா, உங்கள் பக்கம் நான் சாய்ந்துவிடவில்லை. ஊருக்குச் சொந்தம் என்றால், அதை யார் கூட்டிப் பெருக்குவது? அதற்கு நீங்கள் பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள். நான் பதில் வைத்திருக்கிறேன். அவரவர் கடைக்கு முன்னால் இருக்கிற பாதை அவரவர் பொறுப்பு. காலையில் ஷட்டர் தூக்கும் முன் துடைப்பம் எடுக்க வேண்டும். இதற்குச் சம்மதம் சொன்ன முதல் ஆள் ஸ்டெல்லா அக்கா. அப்புறம் ரவி. முறைத்துக்கொண்டே வந்து முருகேசனும் சரி என்றுவிட்டார். இன்றைக்கு வரிசையில் பாதிக்கு மேல் நம் பக்கம்.

ஆனால் காரியம் முடியவில்லை. பைன் மரங்கள் இருக்கிற வளைவை ஓர் ஓட்டல் கேட்கிறது, தங்கள் விருந்தினர்களுக்கு மட்டும். அங்கே ஒரு கேட் வந்தால் பாதை நடுவில் அறுந்துபோகும். அப்புறம் இந்தப் பக்கமும் ஒரு கேட், ஒரு டிக்கெட். நான் மூலையை விட்டது வீணாகிவிடும், நர்ஸ் மறுபடி வேலிக்கு வெளியே நிற்பாள். நகராட்சியில் செவ்வாய்க்கிழமை முடிவு சொல்கிறார்கள்.

நீங்கள் இருந்திருந்தால் அரைமணி நேரம் நியாயம் பேசி அதிகாரியைத் தூங்க வைத்திருப்பீர்கள். எனக்கு ஐந்து நிமிஷம் போதும். பாதை வளைவையும் தாண்டிச் சுற்றிப் போகாவிட்டால் புதுக் கட்டடத்தில் எனக்குக் கடை வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். அக்காவும் அதையே சொல்கிறேன் என்கிறார்கள். ரவி யோசிக்கிறான். செவ்வாய்க்குள் அவனையும் பேசிச் சரிக்கட்டிவிடுவேன். வாடகை வராத கட்டடத்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? வியாபாரிக்குத் தெரிந்த பயம் இது ஒன்றுதான், அதை அவர்களுக்கும் கொஞ்சம் காட்டுகிறேன்.

குலுக்கலில் எது விழுந்தாலும், அக்காவின் கடைக்கு அடுத்த கடையை யாரிடமாவது மாற்றிக்கொண்டு நான் வந்துவிடுவேன். அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அந்தக் கரையில் கேட் வராமல் பார்த்துக்கொள்வது இனி என் வேலை. செவ்வாய்க்கிழமை முடிவு வராவிட்டால் அதற்கடுத்த செவ்வாய். நான் சோளம் விற்றுப் பழகியவன், நிற்பதற்குச் சலிக்க மாட்டேன்.

உங்கள் கூடப் பிறக்காத தம்பி,
பஷீர்