உயிரோடு இருந்தவளுக்கு வந்த கோடி

அம்மா,

ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் கிடக்கிறது. காலையில் டீ போடப் போனால் கேஸ் லைட்டர் நனைந்து உயிரை விட்டிருந்தது. வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். "இன்னாம்மா, அடுப்பு பத்தலியா? எங்க வூட்ல வத்திப்பெட்டி கீது, இந்தா புடி." வாங்கி ஒரு குச்சியை உரசினேன். தீப்பெட்டி ஆபீசில் பொழுதுக்கும் குச்சி அடுக்கிவிட்டு வீடு திரும்புவாயே, அப்போது உன் மேல் அடிக்கும் அதே மருந்து வாசனை.

இப்போதாவது அழுகை வரும் என்று அப்படியே நின்றேன். விரலைச் சுட்டதுதான் மிச்சம். இன்னொரு குச்சி கிழித்து டீ போட்டுக் குடித்தேன்.

நீ போய் இரண்டு வருஷம் முடிந்துவிட்டது. இன்றுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை நான். கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். எனக்கே என்னை விளங்கவில்லை. உன்னிடம் சொல்லிப் பார்க்கலாம் என்றுதான் எழுதுகிறேன். உனக்குப் படிக்கத் தெரியாது. உயிரோடு இருந்தபோது பஸ் போர்டைக்கூட யாரையாவது வாசிக்கச் சொல்லித்தானே ஏறுவாய், அங்கேயும் இதை வாசிக்க ஒரு ஆளைப் பிடித்துவிடுவாய்.

எல்லாம் நான் எழுதிய ஒரு கவிதையால் வந்த வினை. நான் இந்தப் பக்கம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை, ஆறு பெண்களுக்கு ஒரே அறை. அதில் முருகேஸ்வரி என்று ஒரு ராமநாதபுரத்துக்காரி. ஒருநாள் அவளுடைய அம்மா இறந்துபோனார். நாள் முழுக்கப் போனும் கையுமாக இருந்தவளுக்கு யாராலும் தகவல் சொல்ல முடியவில்லை. வேலை நடக்கும் லைனுக்குள் சொந்த போன் கொண்டுபோகக் கூடாது, லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஷிப்ட் முடிந்து திறந்து பார்த்தால் வரிசையாக மிஸ்டு கால். அவள் அழவில்லை. கேண்டீனில் சாம்பார் சாதம் வாங்கித் தின்றாள், பையைக் கட்டினாள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்வரை போய் நான்தான் ரயிலேற்றிவிட்டேன். பெற்றவள் செத்துக் கிடக்கிறாள், இவளென்ன மரம் மாதிரி இருக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில், அது நீயாக இருந்திருந்தால் என்று சும்மா நினைத்துப் பார்த்தேன். அவ்வளவுதான், அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, இன்னா ஆச்சு? வூட்ல யார்னா தவறிட்டாங்களா?" என்று கேட்டார். "அம்மா" என்றேன். வாயில் எப்படி வந்ததோ தெரியாது. அவர் பாட்டை நிறுத்தினார். பக்கத்தில் இருந்த ஒரு அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரகடம் வரும்வரை முன்பின் தெரியாத அந்தத் தோளில் கிடந்து உனக்காக அழுதேன். நீயோ அந்த நேரம் ஊரில் ரேஷன் கடை வரிசையில் யாரோடாவது சண்டை போட்டுக்கொண்டிருந்திருப்பாய்.

மறுநாள் காலையில் அதைக் கவிதையாக எழுதினேன்.

அம்மாவைக் குளிப்பாட்டியாயிற்று.
அண்ணன் கொண்டுவரும் கோடிக்காக
முற்றத்தில் காத்திருக்கிறாள்.
விரலில் இன்னும் மருந்து வாசனை.

இப்படிப் போகும். அந்தக் காலத்தில் நான் எழுதுவதையெல்லாம் எஸ்எம்எஸ்ஸில் தட்டித் தோழிகளுக்கு அனுப்புவேன். அன்றைக்கு ரொம்ப நன்றாக வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். மதுரையில் இருந்த உன் அண்ணன் மகன் நம்பரும் அதில் இருந்தது. அவனுக்கு நான் கவிதை எழுதுவதே தெரியாது. அனுப்பிய கையோடு போனை லாக்கரில் பூட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவன் ஓடிப்போய் உன் அண்ணனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மாமா எனக்குப் போன் அடித்தார், நான் எடுக்கவில்லை. உனக்கு அடித்தார், கரண்டு இல்லாமல் உன் போன் சார்ஜ் இறங்கிக் கிடந்தது. பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கோடியாக வந்து போர்த்தாமல் நம் பக்கத்தில் ஒரு பொம்பளையைத் தூக்கமாட்டார்கள். தங்கச்சியை ஊரார் முன்னால் காக்க வைக்கலாமா? மஞ்சள் கரை போட்ட சிவப்புச் சேலையும் ரோஜாமாலையுமாகப் பஸ் ஏறிவிட்டார். நம் தெருமுனையில் இறங்கியதுமே "ஏ தாயீ, என்னய விட்டுட்டுப் போயிட்டியே" என்று ஓலமிட்டுக்கொண்டு ஓடிவந்தாராம். நீ வாசலில் சட்டி கழுவிக்கொண்டிருந்தாயாம். "என்னண்ணே, யாருக்கு மாலை?" என்று கேட்டாயாம்.

மாமாவுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. தெருவே கூடிச் சிரித்தது. கொண்டுவந்த கோடியைத் திருப்பி எடுத்துப் போகக் கூடாது, எரித்துவிடுங்கள் என்று யாரோ சொன்னபோது நீதான் பிடுங்கிக்கொண்டாய். "நல்ல சேலையா இருக்கு, எதுக்குத் தீய்க்கணும்? நா கட்டிக்கிடுதேன்." சொன்னபடி அந்தப் பொங்கலுக்கே கட்டினாய். மாமா வந்த அன்று சாயங்காலம் நான் லாக்கரைத் திறந்து, மிஸ்டு கால்களைப் பார்த்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "ஏட்டி, என்னயக் கொன்னுபோட்டு வேலைக்குப் போயிட்டியாம்ல?" என்று சிரித்தாய். மாமா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டுப் படியை மிதிக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்து நிஜமாகவே போனாய். நெஞ்சு வலிக்கிறது என்றாயாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. லீவு கேட்கப் போனேன். "உங்கம்மா முன்னாடியே இறந்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்?" என்றார் சூப்பர்வைசர். கவிதை ஒரு சிறுபத்திரிகையில் வந்து, கேண்டீன் நோட்டீஸ் போர்டில் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். "இல்ல சார், இப்பத்தான்" என்றேன்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். கோடி வரவில்லை. மாமாவுக்குச் சித்தி போன் போட்டிருக்கிறாள். "அவ மக இன்னொரு பாட்டு எழுதியிருப்பா. ஒருதடவ ஊரு சிரிச்சது போதும்" என்று வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. ஆள் அனுப்பினார்கள். மத்தியானம் தாண்டியது. வெயிலில் நீ காத்துக் கிடந்தாய். நான் எழுதியது வரி பிசகாமல் நடந்துகொண்டிருந்தது, நான் தூணில் சாய்ந்து அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து உன் விரலை முகர்ந்தேன். டெட்டால் வாசனை. அந்த வரியை மாற்ற வேண்டும் என்று ஒரு நினைப்பு ஓடியது, அம்மா. உன் பிணத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு அப்படித்தான் ஓடியது.

கடைசியில் அப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தச் சிவப்புச் சேலையை எடுத்து வந்தார்.

"கட்டுன சேல கோடியாகுமாக்கா?" என்று சித்தி கேட்டாள்.

"அவ அண்ணங் கையால வந்ததுதானட்டி. ஆகும், போத்து" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

மாமா வந்து சேர்ந்தபோது எல்லாரும் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்திருந்தார்கள். வெறும் முற்றத்தில் விழுந்து, "நாந்தான் நம்பல தாயீ, நாந்தான் நம்பல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. என்னைத்தான் அவர் அடித்திருக்க வேண்டும். ஒரு வார்த்தை திட்டவில்லை. பதினாறு முடிந்த மறுநாள் நான் ஷிப்டுக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போதும் எங்காவது வாசிக்கக் கூப்பிட்டால் அந்தக் கவிதையைத்தான் கேட்கிறார்கள். அம்மா இறந்த அன்றைக்கே எழுதியதா என்று கண்கலங்கிக் கேட்பவர்களிடம் தலையை ஆட்டிவிடுகிறேன். உன்னைப் பற்றிப் புதிதாக ஒரு வரி வரவில்லை. உட்கார்ந்து பார்த்தாயிற்று. முருகேஸ்வரி இப்போது பரமக்குடியில் இருக்கிறாள். போன மாதம் அவளைக் கூப்பிட்டு, அன்று மனதுக்குள் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துவிட்டாள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமா கோடி கொண்டுவந்த சில மாதத்தில் நீ என்னைப் பார்க்க இங்கே வந்தாய். வல்லக்கோட்டை முருகனைக் கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் உட்கார்ந்தோம். "அந்தப் பாட்ட வாசிட்டி. ஊரே கேட்டுருக்கு, செத்தவ கேக்கலயே" என்றாய். வாசித்தேன். கால் நீட்டி உட்கார்ந்து, பிரசாதப் பொங்கலைத் தின்றுகொண்டே கேட்டாய். பாதியில் தின்பதை நிறுத்திவிட்டாய். கோபம்தான் என்று நினைத்தேன்.

"நெசமாவே எனக்காக அழுதியாட்டி?" என்றாய்.

"ஆமாம்மா. ஆட்டோவுல எல்லாரும் பாத்தாக."

உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாய்.

"எங்கம்ம செத்தப்ப எனக்கு அழுகையே வரலட்டி. குச்சி அடுக்குற நெனப்பாவே இருந்துச்சு. இன்னிவரைக்கும் வரல. நீயாச்சும் எனக்கு அழுதுரு."

"சரிம்மா" என்றேன்.

அந்த 'சரி'தான் அம்மா, இன்னும் தீராமல் என்னிடம் இருக்கிறது.