சிவப்பு அட்டைக் கூண்டு

என் செல்ல மகளுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மக்கர் செய்கிறது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் நீயும் நன்றாக இருப்பதாக நானே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் சளிதாம்மா அப்பாவைக் கொன்னுடுச்சு என்று சொல்லிவிட்டுப் போனவள்தான், அப்புறம் பேச்சே இல்லை. இப்போது உட்கார்ந்து படி, பெரிய சமாச்சாரம்!

ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக்கூண்டு கழுவுகிறேன் இல்லையா, சிவப்பு அட்டை மாட்டியதெல்லாம் மூச்சுக்குழாயில் கிருமி ஏற்றிய எலிகள். கிட்டே போனால் மூச்சு கறகறவென்று இழுக்கும், அப்பா கடைசியில் இழுத்தாரே அதே மாதிரி. நேற்று ஒரு சிவப்பு அட்டைக் கூண்டில் சத்தமே இல்லை. ஐயோ, கழுவும்போது அட்டையை மாற்றி மாட்டிவிட்டேன், வேலை போச்சு என்று அந்த ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, நீங்க ஒண்ணும் மாத்தலக்கா, வாங்க காட்டறேன் என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். திரையில் போன சோதனையில் எடுத்த படம், இரண்டு எலியின் மூச்சுக்குழாய். ஒன்றில் ரத்தக்குழாயெல்லாம் மண்புழு மாதிரி தடித்துக் கிடக்கிறது, இன்னொன்றில் தலைமுடி மாதிரி மெல்லிசு. இரண்டுக்கும் ஒரே கிருமிதானாம்! கிருமியோடு சண்டை போட நம் ரத்தத்திலேயே காவல் அணுக்கள் உண்டாம், அதுகள் கூட்டமாக இறங்கும்போதுதான் ரத்தக்குழாய் தடித்து, கசிந்து, மூச்சு போகிற வழி வீங்கிப்போகிறதாம். சத்தம் போடாத எலிகளுக்கு மருந்து கொடுத்து அந்த அணுக்களைக் குறைத்திருக்கிறார்கள். அப்ப எல்லாருக்கும் குறைச்சிட வேண்டியதுதானே என்றேன். குறைச்சா கிருமி கொழுத்துடும்கா, அதான் தலையைப் பிச்சுக்கிறோம் என்றார்.

எனக்கு உடனே அப்பா ஞாபகம்தான். உன் சளி எனக்கும்தானடி ஒட்டியது, நான் தும்மிவிட்டு எழுந்துவிட்டேனே! அப்பாவுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். எலியை வெச்சு அவரைப் பத்தி அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா என்று உள்ளதைச் சொன்னார். எனக்குத் தெரியும். ஒரு கரப்பான்பூச்சிக்கு வீட்டையே கவிழ்த்துப் போடுகிற மனுஷன், உடம்புக்குள்ளேயும் அப்படித்தான் சண்டை போட்டிருப்பார். இருமுகிறாள், தள்ளி நில்லுங்கள் என்று நான் கத்தக் கத்த உன்னைக் கட்டிக்கொண்டாரே, அதற்கு நீ என்ன செய்வாய்?

தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. உன் மனசு லேசாகட்டும், என் ஆயுசும் சேர்த்து நீ நல்லா இரு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவேன், எடு. பேச வேண்டாம், நீ மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா