பழசே போதும் என்று நான் பேசிய மாலை

பஸ் மரக்காணத்தை நெருங்கும்போது ஜன்னல் வழியே அந்தக் காற்று வந்தது. சேறும் உப்பும் கலந்து நாக்கில் லேசாகக் கரிக்கிற காற்று. பக்கத்தில் இருந்த பெண்மணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டேன். கண்டக்டர் பார்த்திருந்தால் ஏதாவது நினைத்திருப்பார்.

இரண்டாயிரத்து ஐந்தில் நம் கம்பெனி என்றால் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், நீ, நான். சென்னைக்குப் போகாமல் மரக்காணத்திலேயே இருந்து வியாபாரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதப் போகிறோம் என்றதும் இரண்டு வீட்டிலும் தலையில் அடித்துக்கொண்டார்கள். குயிலாப்பாளையத்து ஊதுபத்திப் பட்டறைக்கு ஆர்டர் எடுக்க ஒன்று, திண்டிவனத்து உரக்கடைக்குச் சரக்கு இருப்பு பார்க்க ஒன்று என்று செய்து கொடுத்தோம். எல்லாமே ஒரே வெப் ஃப்ரேம்வொர்க் என்கிற அஸ்திவாரத்தின் மேல் கட்டியவை. சில வருஷத்தில் அது பழசாகிவிட்டது. உருவாக்கியவர்களே கைவிட்டு, புதுப் பதிப்பு வருவதும் நின்றுபோயிருந்தது. எது உடைந்தாலும் நீதான் அதன் வயிற்றுக்குள் கையை விட்டுச் சரிசெய்வாய். நான் எட்டிப் பார்த்தால், "உனக்கு எதுக்குடி இந்தக் குப்பை, நான் பாத்துக்கறேன்" என்று விரட்டிவிடுவாய்.

அப்போதுதான் உப்பு வியாபாரி வந்தார். லாரி லோடு போவதைப் பார்க்க ஒன்று வேண்டுமாம். முன்பு செய்ததையெல்லாம் காட்டினோம். "நல்லாத்தான் இருக்குது. ஏம்மா, இது எத்தினி வருசம் ஓடும்?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் ஃபேனைப் பார்த்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தோம்.

பழசிலேயே கட்டலாம் என்றாய் நீ. புதுசுக்கு மாறிவிடலாம் என்றேன் நான். இந்த மாதிரி முட்டிக்கொண்டால் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது, கட்சி மாறிப் பேசுவது. உன் வாதத்தை நான் பேச வேண்டும், என்னுடையதை நீ. பதில் இல்லாமல் நிற்கிறவர் தோற்றவர். காலேஜில் பிடித்த பைத்தியம் அது, மேஜை வாங்குவதைக்கூட அப்படித்தான் முடிவு செய்தோம்.

அன்று கரண்ட் போய்விட்டது. உப்பளத்து வரப்பில் நடக்கப் போனோம். வெயில் தாழ்ந்து, பாத்திகளில் நின்ற தண்ணீரில் வானம் முழுவதும் இறங்கியிருந்தது. மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. தூரத்தில் உப்பு வாரும் பெண்கள் மேகத்தின் மேல் நடமாடுவதாகத் தோன்றியது. அது நீ பாண்டிச்சேரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்ததற்கு மறுநாள். அதைப் பற்றி மட்டும் நாம் பேசுவதில்லை. நீ மெதுவாக நடந்தாய். நானும் காற்று வாங்குகிற சாக்கில் மெதுவாக நடந்தேன்.

"ஓடுறத எதுக்கு மாத்தணும்?" என்று உன் குரலிலேயே ஆரம்பித்தேன். நீ சிரித்தாய்.

"ஒடைஞ்சா?"

"சரிபண்ணிக்கலாம்."

"யாரு பண்ணுவா?"

"நீ பண்ணுவ."

"நான் இல்லன்னா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. "ஏன், நீ இருப்ப. பழசே போதும்டி," என்றேன்.

நீ வரப்பில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டினாய். "அது என் தலைக்குள்ள மட்டுந்தான் இருக்குதுடி. இன்னொருத்தர் தலைக்குள்ள போவாத ஒண்ணு மேல எவ்ளோ நாளைக்குக் கட்டுவ? பதில் சொல்லு."

நான் சொல்லவில்லை. தோற்றுப்போனேன். நான் விரும்பியதுதான் கிடைத்தது, ஆனால் அன்று அழுத மாதிரி அதற்கு முன் அழுததில்லை. நீ கண்ணைத் துடைத்துவிடவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "சரி, புதுசுல எங்கேந்து ஆரம்பிக்கலாம்? நீதான் சொல்லித் தரணும்," என்றாய்.

எல்லாம் தெரிந்தவளாக இருந்த நீ, அதன்பின் தப்புத்தப்பாக எழுதிவிட்டு என் பக்கம் நாற்காலியைத் திருப்பிக் கேட்பாய். உனக்கு அதில் வெட்கமே இல்லை. எனக்குத்தான் சொல்லிக்கொடுக்கக் கூச்சமாக இருக்கும். உப்பு வியாபாரிக்குச் செய்ததை முடித்தோம். பழையவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றினோம். அடுத்த மழைக்காலத்தில் நீ போய்விட்டாய்.

இன்று அந்த உப்பு வியாபாரியைத்தான் பார்க்கப் போனேன். "ஒரு தொல்லையும் இல்லம்மா, நல்லா ஓடுது," என்றார். வரப்பில் நீ சொன்னதுதான் சரி. அன்று மாறியதால்தான் கம்பெனி இருக்கிறது, நான் இருக்கிறேன். யார் கேட்டாலும் நல்ல முடிவு என்றுதான் சொல்கிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த வாதத்தை நான் இன்னும் விடவில்லை. குளிக்கும்போது, சமைக்கும்போது, இன்று மாதிரி பஸ்ஸில் போகும்போது நீ கேட்ட கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டே இருக்கிறேன். இத்தனை வருஷத்தில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் வாயில் வருவது அது ஒன்றுதான். நீ இருப்ப. பழசே போதும்டி.