எல்லாம் வாயால் செய்யும் வேலைகள்

நேற்று மாலை கல்லூரி விட்டு வரும் வழியில் அடையாறில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்குப் பொடி தோசை வந்தது. சூட்டில் உருகிய நெய்யும் மிளகாய்ப் பொடியும் சேர்ந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும், வெட்கத்தில் என் காது மடல்கள் சூடாகிவிட்டன. பொடி தோசை வாசனைக்கு வெட்கப்படுகிற ஒரே பெண் இந்த ஊரில் நானாகத்தான் இருப்பேன். அதன் காரணம் தெரிந்த ஒரே ஆள் நீ. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

உனக்கு நான் எழுதுவது பிடிக்காது என்று தெரியும். "வாட்ஸ்அப்ல மட்டும் வாய் கிழியுது உனக்கு. நேர்ல வந்து சொல்லு பா" என்பாய். நேரில் சொல்ல இப்போது வழியில்லை. பொறுத்துக்கொள்.

நாம் முதன்முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? கிண்டியில், லிஃப்ட் ஓடாத அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லச் சொன்னார் பேராசிரியர். மற்றவர்களுக்கு அது ஒரு நொடி வேலை. திக்குவாய்க்காரிக்குத் தன் பெயரைவிடக் கடினமான சொல் கிடையாது. வேறு சொல் என்றால் அதே பொருளில் இன்னொன்றைப் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். பெயருக்கு மாற்று ஏது? எனக்கு மகரம் வராது. உதடுகள் ஒட்டினால் ஒட்டியதுதான். என்னைப் பெற்றவர்கள் எனக்கு வைத்த பெயரோ மெர்சி.

என் முறை வந்தது. "ஆலிஸ்" என்றேன்.

அது என் அக்காவின் பெயர். உயிரெழுத்தில் தொடங்குகிற பெயர், வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பேராசிரியர் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த நீதான் திரும்பி, "ஆலிஸா? சூப்பர் பேரு பா. நான் சைதாப்பேட்டை" என்றாய், ஊரே உன் பெயர் என்பதுபோல.

அன்றிலிருந்து நீ என்னை ஆலிஸ் என்றே கூப்பிட்டாய். நானும் திரும்பிப் பார்த்தேன். இருபத்தாறு வயதில், முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த இடத்தில், அக்காவின் பெயரை உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மந்தைவெளி வீட்டில் எல்லோருக்கும் பேச்சுதான் பிழைப்பு. அம்மாவும் அப்பாவும் பள்ளி ஆசிரியர்கள். அக்கா ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசித்தால், கோயிலுக்கு வெளியே நிற்கிறவர்களும் உள்ளே எட்டிப்பார்ப்பார்கள். வீட்டுக்கு வருகிற யாராவது என்னிடம் "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பதில் சொல்லிவிடுவார். அவர் என்னைக் காப்பாற்றுகிறாரா, மறைக்கிறாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

சில மாதங்கள் கழித்து, உதவித்தொகை பெறுகிறவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நீ ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாய்.

"இன்னா பா, உன் பேரையே காணோம். மெர்சின்னு ஒண்ணு கீது. அது யாரு?"

நான் தரையைப் பார்த்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். எதையோ புரிந்துகொண்டு அதற்குமேல் கேட்காமல் விட்டாய். அன்று மாலை மயிலாப்பூரில் ஏதோ வாங்க வேண்டும் என்று என்னோடு ஷேர் ஆட்டோவில் ஏறினாய். அடையாற்றுப் பாலம் தாண்டியதும் ஒரு பெரியவர் "நிறுத்துப்பா" என்றார். அவர் பின்னாலேயே நானும் இறங்கினேன். நீயும் குழம்பிப்போய் இறங்கினாய்.

"உன் வீடு மந்தவெளின்னல்ல? இங்க இன்னா கீது?"

அப்போதுதான் சொன்னேன். "நிறுத்துங்க" என்று எனக்குச் சொல்ல வராது. யாராவது இறங்குகிற இடத்தில் நானும் இறங்கிவிட்டு, மிச்சத் தூரத்தை நடப்பேன். சில நாள் வீட்டுக்கு அருகிலேயே இறங்க வாய்க்கும். சில நாள் யாருமே இறங்காமல் லஸ் வரை போய், அங்கிருந்து திரும்பி நடப்பேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நீ ஒரு சொல்லைக்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. அப்படிக் காத்திருந்த முதல் ஆள் நீதான்.

நடக்கும்போது என்னிடம் இருந்த ஒரு பட்டியலைப் பற்றியும் சொன்னேன். ஆய்வை முடிப்பதற்குள் வாழ்க்கையில் செய்து முடிக்க வேண்டியவை என்று சேர்ந்த புதிதில் எழுதியது. ஷேர் ஆட்டோவை நானே நிறுத்துவது. ஓட்டலில் வாய்க்கு எளிதாக வருகிறதை விட்டுவிட்டு, சாப்பிட விரும்புவதைக் கேட்பது. ஞாயிறு திருப்பலியில் ஒரு வாசகம் வாசிப்பது. வாய்மொழித் தேர்வில் எழுதிக் காட்டாமல் பதில் சொல்வது. என் பெயரைச் சொல்வது.

நீ நடுச்சாலையில் நின்று சிரித்தாய். "எல்லாம் வாயால செய்ற வேலையாவே கீதே பா. இமயமலை ஏறணும், ஃபாரின் போணும்னு ஒண்ணுகூட இல்லியா?"

எனக்கு முகம் எரிந்தது. உலகத்தில் எல்லோரும் நினைக்காமலே செய்கிறதை நான் வாழ்க்கை லட்சியம் என்று எழுதி வைத்திருக்கிறேன். நீ அதைக் கவனித்துவிட்டாய் போலும். சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, நானும் ஒண்ணு சேக்கறேன். யார்ட்டயாவது சத்தமா சண்ட போடணும். அத எழுதிக்க" என்றாய். பிறகு, "உன் பேர நீயா சொல்ற வரிக்கும் நான் கூப்ட மாட்டேன். ஆலிஸ்னும் கூப்ட மாட்டேன்" என்றாய்.

அப்படியே செய்தாய். எத்தனையோ மாதங்கள் நான் உனக்கு வெறும் "ஏ பொண்ணு".

முதலில் ஓட்டலுக்குப் போனோம். பரிமாறுகிறவர் வந்து நின்றார். எனக்குப் பொடி தோசை வேண்டும். "பொ..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டேன். கண் செருகியது, கழுத்து நரம்பு புடைத்தது, எனக்கே தெரிந்தது. பின் மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பரிமாறுகிறவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. "பொங்கலாம்மா? அது காலைலயே தீந்துபோச்சே. பூரியா?" என்றார். தப்பித்தால் போதும் என்று பூரிக்குத் தலையாட்டப் போனேன்.

"அண்ணே, கொஞ்சம் இரு. அவ இன்னும் சொல்லி முடிக்கல" என்றாய் நீ.

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் சொல்லி முடித்தேன். தோசை வந்தது. பாதிதான் சாப்பிட முடிந்தது. மிச்சத்தை நீ சாப்பிட்டாய்.

பெயரை ஒரு சாதாரண மதியம் சொன்னேன். நீ எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உதடு ஒட்டி, திறந்து, மறுபடி ஒட்டி, ஒருவழியாக "மெர்சி" என்று வெளியே வந்தது. நீ நிமிர்ந்து, "நல்லாகீது பா" என்றாய். அப்பளத்தை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தாய். அதோடு சரி. கைதட்டியிருந்தால் நான் செத்திருப்பேன்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நீ தவறினாய். துறைக் கருத்தரங்கில் என் ஆய்வைப் பற்றிப் பேச எழுந்தேன். முதல் வரியிலேயே வாய் பூட்டிக்கொண்டது. அறை முழுக்க மௌனம். அதை உன்னால் தாங்க முடியவில்லை போலும். எழுந்து நின்று, "சார், அவளுக்குத் திக்கும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றாய். எல்லோர் முகமும் ஒரேயடியாகக் கனிந்தது. அந்தக் கனிவை என்னால் பார்க்க முடியவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் உன்னோடு பேசவில்லை. நீயும் என்னிடம் பேச்சுக் கொடுக்காமல், தினமும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உன் வேலையைப் பார்த்தாய்.

ஆனால் முன்பே முடிவு செய்திருந்ததால் தி. நகருக்குச் சேர்ந்துதான் போனோம். உனக்குச் செருப்பு வாங்க. நம் துறையின் மாடி ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நீ குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வாய். "வார் லூசு பா, நீ போய்க்கினே இரு" என்பாய். நான் முன்னால் போய், மேலே நின்று, சோம்பேறி என்று கிண்டல் செய்வேன். அதனால் வாரே இல்லாமல் காலை நுழைத்துப் போடுகிற செருப்பாக நானே தேர்ந்தெடுத்தேன். கடைக்காரரிடம் அளவையும் நானே சொன்னேன். வெளியே வந்ததும், ரங்கநாதன் தெருவின் பண்டிகைக் கூட்டத்துக்கு நடுவில், எனக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை.

"எ... எனக்குத் திக்கும்னு ந... நான் சொல்லணும். நீ சொல்லக் கூடாது. எங்கம்மா பண்றதையே நீயும் ப... பண்ற" என்று கத்தினேன். ஒவ்வொரு சொல்லும் இடித்துக்கொண்டு வந்தது. கிளிப் விற்கிறவர் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இன்னாமா வழில நின்னுகினு" என்று யாரோ தோளில் இடித்துக்கொண்டு போனார்கள். நீ அசையாமல் நின்றாய்.

"முடிச்சிட்டியா?"

"இ... இல்ல."

மிச்சத்தையும் கேட்டாய். பிறகு, "தப்புதான் பா. சாரி" என்றாய். மாம்பலம் ஸ்டேஷன் வாசலில்தான் உன் குரலில் சிரிப்பு வந்தது. "லிஸ்ட்ல நான் எழுதச் சொன்னது முடிஞ்சிது. கவனிச்சியா?"

நடைமேம்பாலத்தின் படியில் பாதியில் நீ நின்றாய். புதுச் செருப்பின் மேல் குனிந்து விரலால் எதையோ தடவினாய். அதில் சரிசெய்ய வார் இல்லை. அதைத் தேர்ந்தெடுத்தவளே நான்தான். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சண்டை போட்டுவிட்ட பெருமையில் மேல்படியில் நின்று உன்னை அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசி மழையில் நீ ஆய்வுக்கூடத்துக்கு வரவில்லை. மருத்துவமனை வராந்தாவில் உன் அம்மாதான் எனக்குச் சொன்னார். "சின்னதுலருந்தே அதுக்கு நெஞ்சுல கோளாறு கண்ணு. வால்வு சரியில்லன்னாங்க. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சி. தெரிஞ்சா படிக்க வேணாம்னு ஊட்டுக்கு அனுப்சிடுவாங்கன்னு பயம்."

மூன்று மாடி. தினமும் இரண்டு தடவையாவது. அத்தனை திருப்பங்களிலும் நீ மூச்சைத் தேடி நின்றிருக்கிறாய். நான் ஒரு தடவைகூடத் திரும்பி இறங்கி வந்து பார்க்கவில்லை. என் வாயில் சிக்கிய சொற்களுக்கெல்லாம் நீ காத்திருந்தாய். உன் மூச்சுக்கு நான் காத்திருக்கவில்லை. என் குறையைச் சுமக்கிறவளுக்கு ஊரில் வேறு யாருக்கும் குறை இருக்கும் என்றே தெரியவில்லை. திக்கியபோது பட்ட வெட்கமெல்லாம் அன்று வராந்தாவில் பட்ட வெட்கத்தின் முன்னால் ஒன்றுமே இல்லை.

உள்ளே வந்து உன் கட்டிலருகே நின்றேன். "ஏ... ஏன் சொல்லல?"

நீ மெல்லச் சிரித்தாய். "நீ வாயத் தொறந்தா தெரிஞ்சிடும். என்னுது உள்ளார கீது. மறைக்க முடிஞ்சிது, மறைச்சேன். உனக்கு முடிஞ்சிருந்தா நீயும் மறைச்சிருப்பல்ல?"

மறுநாள் அறுவை சிகிச்சை. அதிலிருந்து நீ மீளவில்லை.

துறையில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேச அழைத்தார்கள். உன் பெயரும் உயிரெழுத்தில் தொடங்குவதுதான். அதில் நான் ஒருநாளும் திக்கியதில்லை. அன்று அதில்தான் திக்கினேன். முதல் எழுத்து வெளியே வராமல் உள்ளேயே சுற்றியது. எல்லோரும் தலைகுனிந்தார்கள். பேராசிரியர் அன்பாக, "பரவாயில்லம்மா, உட்காரு" என்றார். பொறுத்துக்கொள்ளச் சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை. "எ... எனக்குத் திக்கும் சார். இ... இருங்க" என்றேன். பேசினேன். என்ன பேசினேன் என்று தெளிவாக நினைவில்லை. நீ மாடி ஏறியதைச் சொன்னேன். அதை யாருமே கவனித்திருக்கவில்லை என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. உட்கார்ந்தபோது நெஞ்சு லேசாகவில்லை. உடம்பெல்லாம் வியர்த்து, எங்காவது ஓடிவிட வேண்டும்போல் இருந்தது.

வாய்மொழித் தேர்வு அதற்கு அடுத்த ஆண்டு முடிந்தது. எழுதிக் காட்டவில்லை. எல்லோருக்கும் மதியச் சாப்பாடு தாமதமானது, அவ்வளவுதான். இப்போது அடையாறில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள் பின்வரிசை சிரிக்கும். காது சூடாகும். அது மாறவில்லை, மாறும் என்று இப்போது எதிர்பார்ப்பதும் இல்லை. ஞாயிறு வாசகத்தை இன்னும் வாசிக்கவில்லை.

ஆனால் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உன் அம்மாவுக்கு ஃபோன் செய்கிறேன். இதை நான் எந்தப் பட்டியலிலும் எழுதியதில்லை. ஃபோன்தான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமை. முகம் தெரியாத இடத்தில் என் மௌனம் லைன் அறுந்துபோனதாகவே படும். எத்தனையோ பேர் "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு வைத்திருக்கிறார்கள்.

உன் அம்மா வைப்பதில்லை. எடுத்ததும் மறுமுனையில் சத்தம் இல்லையென்றால் அது நான்தான் என்று அவருக்குத் தெரியும். எதுவும் கேட்க மாட்டார். காதோரம் ஃபோனை இடுக்கிக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார். குக்கர் சத்தம் கேட்கும், எண்ணெயில் கடுகு வெடிக்கும், பக்கத்து வீட்டு டி.வி. பேசும். அந்த நேரம் முழுக்க எனக்கு வெட்கமாக இருக்கும். அவர் பெண் போய்விட்டாள், அவள் தோழி வாரம் தவறாமல் கூப்பிட்டு மௌனமாக நிற்கிறாள். வைத்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் தோன்றும். வைப்பதில்லை.

பிறகு சொல் வரும். "சா... சாப்ட்டீங்களாம்மா?"

"இப்பதான் கண்ணு ஒல வச்சிருக்கேன்" என்பார். "நீ மெதுவா சொல்லு."