மாமாவின் பெல்ட்

கச்சிபௌலி,
ஜூலை 2012

அன்புள்ள ஸ்வீட்டிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முகம் ஸ்கைப்பில் கொஞ்சம் ஊதித் தெரிந்தது. ஆறாம் மாதம் என்றால் அப்படித்தான் என்று அத்தை சொல்கிறார்கள். எதற்கும் டாக்டரிடம் காட்டு.

காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பாய். ஸ்கைப்பில் பேசினால் உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். மெயில் அனுப்பினால் ஆபீஸ் அவசரத்தில் பாதி படித்து மூடிவிடுவாய். அதனால் ஜெர்மனிக்கு வரும் சகுந்தலாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுதாகப் படி.

நீ வரும் நாளில் ஏர்போர்ட்டுக்கு நம் காரில்தான் வருவோம். அத்தை இப்போதே இடம் பிரித்துவிட்டார்கள். நான் ஓட்ட வேண்டும், அவர்கள் பின்னால், நீ முன்னால். நீ முன்னால் உட்காரக் கூடாது. சுற்றி வளைக்காமல் காரணத்தை எழுதுகிறேன்.

அடக்கத்துக்கு நீ வந்தபோது உன் டாடி எப்படிப் போனார் என்று யாரும் உன்னிடம் விவரமாகச் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. உப்பல் ரோட்டில் உன் தம்பி ஷெர்வின் இந்தக் காரைத்தான் ஒரு லாரியின் பின்னால் மோதினான். அவன் பெல்ட் போட்டிருந்தான், தோளில் சிராய்ப்போடு இறங்கினான். பக்கத்தில் மாமா, அலாரம் கத்தக் கூடாது என்பதற்காக பெல்ட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மாட்டி அதன் மேல் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடுமாம். பெல்ட் ஆளைப் பின்னால் பிடித்து வைத்தால்தான் ஏர்பேக் மெத்தை மாதிரி தாங்கும். பிடிக்க எதுவும் இல்லாமல் முன்னால் பாய்ந்தவரை, வெடித்து வரும் பை அறைந்துவிடும். ஆபீஸில் நான் செய்வதே இந்த பெல்ட், ஏர்பேக் சோதிக்கும் வேலைதான். மாமாவிடம் சொல்லிச் சலித்துவிட்டேன். “நக்கோ, வேணாம் மாப்ளே, சர்ச்சுக்குப் போறவனக் கட்டிப்போட்டா கூட்டிட்டுப் போவீங்க?” என்று சிரிப்பார்.

காரை விற்றுவிடலாம் என்றேன். அத்தை விடவில்லை. ஏர்பேக், டாஷ்போர்டு, பெல்ட் எல்லாம் புதிதாகப் போட்டு எடுத்து வந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் காலி இருக்கையின் குறுக்கே பெல்ட் மாட்டியிருந்தது. கழற்றினேன். சாயங்காலம் மறுபடியும் மாட்டியிருந்தது. அத்தையிடம் கேட்டேன். “இருந்தப்பதான் போடவே இல்ல. இப்பவாவது போட்டுக்கட்டும் மாப்ளே” என்றார்கள்.

அன்றிலிருந்து அந்த பெல்ட்டை யாரும் கழற்றுவதில்லை. முன்னால் யார் ஏறினாலும் அதன் மேலேயே உட்காருகிறார்கள், மாமா உட்கார்ந்த மாதிரியே. போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வரும்போது ஆக்னஸ் ஆன்ட்டியும் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். பேகம்பேட் தாண்டுவதற்குள் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பின்னால் மாறிவிட்டார்கள். முன்னால் இடம் பத்தவில்லையாம். ஆன்ட்டி எவ்வளவு ஒல்லி என்று உனக்கே தெரியும்.

அவர்களை இறக்கிவிட்டு நான் பெல்ட்டைக் கழற்றினேன். தனியாக வண்டியைக் கிளப்பினேன். பக்கத்து இருக்கைக்கான சிவப்பு விளக்கு எரிந்தது, அலாரம் கத்தியது. இருக்கைக்குள் எடை பார்க்கும் சென்சார் ஒன்று உண்டு. ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால்தான் அது கத்தும். சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றினேன். புதியதும் கத்தியது. வயரையெல்லாம் சோதித்தேன். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. காலி இருக்கையில் ஒரு பெரிய ஆளின் எடை காட்டியது. நானே அதில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேரின் எடை காட்டியது.

ஆவி, பேய் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. நான் சோதிக்காத ஏதோ ஒன்று பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் தாங்காமல் பெல்ட்டை இழுத்து மாட்டினேன். உடனே நின்றது. பட்டை இருக்கையோடு ஒட்டிப் படியவில்லை. முதுகுச் சாய்விலிருந்து ஒரு மார்பு அளவுக்கு முன்னால் தள்ளி நின்றது. இதையும் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நேற்று சாப்பிடும்போது அவர்களாகவே, “ஸ்வீட்டி முன்னாலயே உக்காரட்டும். பேரப்பிள்ளையோட சேந்து அவ டாடி மடியில உக்காந்து வரட்டும்” என்றார்கள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். தட்டை எடுத்து வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

மடி யாரையும் காப்பாற்றாது ஸ்வீட்டி. எவ்வளவு பாசமான மடியானாலும் சரி. வண்டி மோதிச் சட்டென்று நிற்கும்போது மடியில் இருப்பவர் நிற்பதில்லை.

அதனால் எனக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். வயிற்றின் மேலே போடாதே. மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்கட்டும். அம்மா அழுவார்கள். நான் சொன்னால் மருமகன் அதிகாரம் பண்ணுகிறான் என்றாகிவிடும். நீதான் சொல்ல வேண்டும்.

முன்கதவைத் திறந்தால் மாமாவின் ஹேர் ஆயில் வாசனை உனக்கும் வரலாம். வந்தாலும் ஏறாதே. குனிந்து ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கதவைச் சாத்திவிடு.

அவருக்கு நான் மாட்டிவிடுகிறேன். உனக்கு நீ மாட்டிக்கொள். இரண்டு பேரும் பத்திரமாக வாருங்கள்.

உன்,
தினேஷ்